வாயிலில் இன்னும் எத்தனை நாள் நிற்பது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 28 வயது. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு ஐந்து வருடமாக டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். குரூப் 4 மூன்று முறை எழுதினேன். 200 கேள்விகளில் 151, 158, 157 சரியாக வந்தன. தமிழில் நூற்றுக்கு 90க்குக் குறைவதில்லை, கணக்கில் 25க்கு 24 வந்துவிடும். பொது அறிவில்தான் 40ஐத் தாண்டத் திணறுகிறேன். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் ஒருமுறை தேறினேன், முதன்மைத் தேர்வில் போய்விட்டது. எல்லா நோட்ஸையும் ஆறு முறை படித்துவிட்டேன். அப்பா மளிகைக் கடையில் வேலை செய்கிறார். கோச்சிங் கட்டணத்துக்கு வைத்த அம்மாவின் வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். என் மேசைக்கு மேலே 'முயற்சி திருவினை ஆக்கும்', 'தெய்வத்தான் ஆகாது எனினும்' என்ற இரண்டு குறளையும் எங்கள் தமிழாசிரியர் தன் கையால் எழுதித் தந்த அட்டை இருக்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் தெம்பு வரும். இப்போது என்னைக் குற்றம் சொல்வதுபோல இருக்கிறது. 'இந்த முறையும் வரவில்லை என்றால் வரனுக்குச் சரி சொல்லிவிடு' என்கிறார்கள் வீட்டில். இரவு இரண்டு மணிவரை தூக்கம் வருவதில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. விட்டுவிட்டால் நான் முயற்சி இல்லாதவளா? தொடர்ந்தால் அறிவில்லாதவளா? நம் இலக்கியம் எல்லாம் விடாதே, விடாதே என்று மட்டும்தான் சொல்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போகிற போக்கில் எழுதியதுபோல உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். தூக்கம் வருவதில்லை, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது என்கிறீர்கள். தேர்வு, குறள், வரன் எல்லாம் அப்புறம். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், பணம் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். அந்த எண்ணம் கனத்து வரும் இரவில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் 104லும் பேசலாம். அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். வளையலை அடகு வைத்துத் தந்தவர் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார்.

ஆலோசகராக நான் பேசியவர்களில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். உடம்பு அசதியில் மனது சொல்லும் பேச்சைத் தன் வாழ்க்கையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்களை அவர்களில் பார்த்திருக்கிறேன். ஆறு மணி நேரம் தூங்கிய பிறகும் அந்தத் தீர்ப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அநேகமாக இருப்பதில்லை.

இனி உங்கள் கேள்வி. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். உங்கள் ஆசிரியர் எழுதித் தந்ததுபோல நானும் அட்டைகள் எழுதித் தந்திருக்கிறேன். அதனால் உங்கள் கடைசிக் கேள்வி எனக்கும் சேர்த்துக் கேட்டதுபோலத்தான் இருந்தது. அந்த அட்டையை இன்று மறுபடி உங்களோடு உட்கார்ந்து வாசிக்க ஆசைப்படுகிறேன்.

தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்.

இதில் 'கூலி' என்ற சொல்லைக் கவனியுங்கள். பரிசு என்று வள்ளுவர் சொல்லவில்லை, பதவி என்றும் சொல்லவில்லை. உடம்பு வருந்திய வருத்தத்துக்குக் கூலி. களை எடுக்கப் போன பெண்ணுக்குச் சாயங்காலம் கூலி உண்டு. அந்த வயல் நன்றாக விளைகிறதா, வெள்ளத்தில் போகிறதா என்பது வேறு கணக்கு. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இங்கே 'எனினும்' என்பதில் உள்ள 'உம்' என்ற விகுதியைப் பிடித்துக்கொண்டு நுட்பமாக ஒன்று சொல்கிறார். கூடிவந்தால் முயற்சியின் அளவைவிட மிகுந்த பயன் வரும், கூடிவராவிட்டால் பட்ட பாட்டின் அளவுக்காவது கூலி வரும் என்று. ஆக, விடாமல் முயன்றால் நினைத்த பதவி கிடைத்தே தீரும் என்ற வாக்குறுதி இந்தக் குறளில் இல்லை. நாங்கள்தான் வகுப்பில் அப்படி ஒரு வாக்குறுதியாக அதை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று இப்போது வருத்தத்தோடு நினைக்கிறேன்.

போட்டித் தேர்வில் இது மிகவும் முக்கியம். 2022இல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இருந்தவை 7,301 இடங்கள், விண்ணப்பம் போட்டவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். பிறகு மொத்த இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டின. அப்படியும் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவருக்குத்தான் வேலை. மீதிப்பேர் எல்லாம் முயற்சி இல்லாதவர்கள் என்று சொல்ல எந்தக் குறளையும் நாம் துணைக்கு அழைக்க முடியாது. அதே ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உங்கள் சுவரில் இல்லாத இன்னொரு குறள் இருக்கிறது:

பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து
ஆள்வினை இன்மை பழி.

நல்வாய்ப்பு அமையாதது யாருக்கும் பழி ஆகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாததுதான் பழி என்கிறார். முதல் வரி உங்களுக்கு ஆறுதல். இரண்டாவது வரியில் உள்ள 'அறிவறிந்து' என்ற சொல் உங்களுக்கான வேலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களைப் போலவே ஒரு வாயிலில் காத்து நின்றவர், ஔவையார்.

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் பெறப் போகிறார். அவன் தர நாள் தள்ளுகிறான். அந்தக் காத்திருப்பைப் பற்றி அவர் பாடியவற்றில் இரண்டு பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன, 101ஆவதும் 206ஆவதும். ஒரே புலவர், ஒரே அரசன், தாமதமும் ஒரே மாதிரிதான். ஆனால் இரண்டு பாட்டும் நேர் எதிர்த் திசையில் போகின்றன.

101இல் அவர் சொல்வது, பொறுத்திரு. 'ஒருநாள் செல்லலம், இருநாள் செல்லலம், பலநாள் பயின்று பலரொடு செல்லினும் தலைநாள் போன்ற விருப்பினன் மாதோ.' ஒருநாள் இருநாள் போகவில்லை, பலநாள் திரும்பத் திரும்பப் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல்நாள்போலவே விருப்பத்தோடு வரவேற்கிறான். பரிசில் தரும் காலம் நீண்டாலும் சரி, நீளாவிட்டாலும் சரி, அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளம்போல. கையில் இருக்கிற மாதிரிதான், பொய்க்காது. சாப்பிட ஆசைப்பட்ட நெஞ்சே, வருந்தாதே.

206இல் அதே ஔவையார் வாயில்காப்போனைப் பார்த்து, 'வாயிலோயே, வாயிலோயே' என்று கூப்பிடுகிறார். 'உங்கள் அஞ்சி தன்னை அறியானா, இல்லை என்னை அறியானா? அறிவும் புகழும் உடையவர்கள் எல்லாம் செத்துப்போய் உலகம் ஒன்றும் வெறுமையாகிவிடவில்லை. யாழை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டோம், பையையும் கட்டிவிட்டோம்.' அப்புறம் அந்த அழகான உவமை. மரம் வெட்டும் தச்சனுடைய கைத்தொழில் தேர்ந்த பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்கு மரம் உண்டு. அதுபோல,

எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.

(அந்தப் பாட்டில் 'சுருக்கினெம் கலப்பை' என்று வரும். ஏர்க்கலப்பை இல்லை, இசைக்கருவிகள் வைக்கும் பை. என் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் அதை உழவு என்றே எழுதுவார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர் என்பதால் உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.)

இரண்டில் எது சரி என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் தொகுத்தவர்கள் ஒரே நூலுக்குள் வைத்திருக்கிறார்கள். பொறுத்திருந்ததற்காக ஔவையாரை யாரும் ஏமாளி என்றதில்லை. பையைக் கட்டியதற்காக விடாமுயற்சி இல்லாதவர் என்றும் யாரும் சொன்னதில்லை. உங்கள் கடிதத்தின் கேள்வி, 'இருந்தால் அறிவில்லாதவள், போனால் முயற்சியில்லாதவள்' என்று இரண்டு பக்கமும் உங்களையே குத்துகிறது. ஔவையார் இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து நிற்கிறார். 206இல் கோபம் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஆனால் அந்தக் கோபத்தில் 'எனக்குத் தகுதி இல்லையோ' என்ற சந்தேகம் ஒரு சொல்லில்கூட இல்லை. கதவு திறக்காததைத் தன் யாழின் குறையாக அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அப்படியானால் எந்த நாளுக்கு எந்தப் பாட்டு? அதற்கு விடை 101லேயே இருப்பதாக நினைக்கிறேன். ஏன் காத்திருக்கலாம் என்று அவர் காரணம் சொல்கிறார். பலநாள் போய்ப் பார்த்தேன், வரவேற்பு குறையவில்லை. கவளம் கண்ணுக்குத் தெரிகிறது, கொம்புக்கு நடுவில்தான் இருக்கிறது. வெறும் நம்பிக்கையில் அவர் நிற்கவில்லை, கண்ணால் பார்த்து எடைபோட்டுவிட்டு நிற்கிறார். ஆகவே உங்கள் விஷயத்திலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: கவளம் தெரிகிறதா?

உங்கள் எண்களைப் பார்க்கலாம். 151, 158, 157. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏழு கேள்வி ஏறியிருக்கிறது. மூன்றாவதில் நின்றுவிட்டது. தமிழும் கணக்கும் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டன, அங்கே இனி ஏற இடம் குறைவு. 157இல் அந்த இரண்டையும் கழித்தால் பொது அறிவில் 75க்கு 43. ஆக நீங்கள் இழக்கும் 43 கேள்விகளில் 32 ஒரே இடத்தில் இருக்கின்றன. கவளம் தெரிகிறது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அதை எடுக்க நீங்கள் போகிற வழி சரியில்லை. எல்லா நோட்ஸையும் ஆறு முறை படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'எல்லா' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. 90 வாங்கும் தமிழையும் ஆறு முறை, 43 வாங்கும் பொது அறிவையும் ஆறு முறை.

ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று
போற்றினும் பொத்துப் படும்.

உரிய வழியில் உழைக்காத உழைப்பு, பலர் கூட நின்று தாங்கிப் பிடித்தாலும் ஓட்டையாகிவிடும். 'வருந்தா வருத்தம்' என்று ஒரே சொல்லை அடுத்தடுத்து வைத்திருக்கிறாரே, அது எனக்கு மிகவும் பிடிக்கும். பாடுபடவில்லை என்று அவர் சொல்லவில்லை. பாடு உண்மையானதுதான், வழிதான் தப்பு. இந்தக் குறள் தெரிந்துசெயல்வகை என்ற 47ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வலியறிதல், காலமறிதல், இடனறிதல். உங்கள் சுவரில் இருக்கும் இரண்டு குறளும் வருகிற ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம். எடைபோடு, வழி பார், நேரம் பார், இடம் பார் என்று நான்கு அதிகாரம் சொன்ன பிறகு, பன்னிரண்டு அதிகாரம் தள்ளி வந்துதான் 'முயற்சி திருவினை ஆக்கும்' என்கிறார். நாம் 62ஐ மட்டும் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம். 'அறிவறிந்து' என்று அவர் போட்ட சொல்லுக்கு முந்தைய அதிகாரங்கள்தான் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஔவையாரின் அந்த இரண்டு பாட்டும் இன்று நம் கையில் இருப்பதற்கே அவர்தான் காரணம். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர்.

1880ஆம் ஆண்டு. அவருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை அந்த வருடம்தான் கிடைத்திருக்கிறது. ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. சரி, பழைய நூல் ஏதாவது? சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை? இவர் அவற்றைப் படித்ததில்லை. ஏடே கண்ணில் பட்டதில்லை.

அந்த இடத்தில் அவர் நிலையை நினைத்துப் பாருங்கள். அத்தனை வருடம் அத்தனை பெரிய ஆசிரியரிடம் உழைத்துப் படித்தவர். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படித்தது ஒன்று, கேட்கப்பட்டது வேறு. படித்ததையே இன்னும் ஆறு முறை அவர் படித்திருந்தாலும் சிந்தாமணி வந்திருக்காது. முதலியார் தந்த பிரதியை வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குகிறார். சைவராகிய அவருக்கு அதில் வரும் சமணக் கொள்கைகள் விளங்கவில்லை. அந்த ஊரிலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் வீடு தேடிப் போகிறார், கேட்டுத் தெளிகிறார். 'அவ்வினை உள்ளறிவான் உள்ளம் கொளல்' என்று வள்ளுவர் சொன்னது அப்படியே இதுதான். ஒரு வேலையைச் செய்பவன், அதை உள்ளே போய் அறிந்தவனுடைய மனதைப் பெற வேண்டும். ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல்தான் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏழு வருடம்.

அந்த ஏழு வருடமும் அவர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டுதான் இருந்தார் என்பதையும் பாருங்கள். வீட்டுக்குச் சம்பளம் வந்தது. ஏடு தேடும் வேட்கை அடுப்பை அணைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் வளையல் வந்த இடத்தில் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்.' வரப்போகும் லாபத்தை எண்ணிக் கையில் இருக்கும் முதலை இழக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்கமாட்டார். வளையல் முதல்தான். ஆனால் உங்கள் தூக்கமும் முதல், உங்கள் 28ஆவது வயதும் முதல். இவற்றைப் போட்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே நான் உங்களிடம் தேர்வை விடச் சொல்லவில்லை, முதலை இழப்பதை நிறுத்தச் சொல்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். எட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது பெரிய செய்தி. முதுநிலைக் கணிதம் படித்து, நாள் தவறாமல் சொல்லிக் கொடுக்கும் ஒருவரை ஊரில் எட்டு வீடு நம்பியிருக்கிறது. மெய்வருத்தக் கூலி என்றாரே, அதில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு ஆள் தேடும் பெற்றோர் உங்கள் பக்கத்தில் நிச்சயம் இருப்பார்கள். இன்னும் ஒரு குழு சேருங்கள், கட்டணத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் மூன்று மாதப் பணம் அடகுக் கடைக்கு. அந்த வளையல் திரும்பி வந்து அம்மாவின் கையில் ஏறும் நாளில் உங்கள் தோளில் இருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். இப்போது நாள் முழுக்கப் படிக்கிறேன் என்பது பெரும்பாலும் நாள் முழுக்கப் பயப்படுகிறேன் என்பதாகவே இருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் அவர்களாகவே சொன்னது இது. தெளிவான நான்கு மணி நேரம் போதும்.

அந்த நான்கு மணி நேரத்தில் தமிழ் நோட்டையும் கணக்கு நோட்டையும் தொடாதீர்கள். வாரம் ஒருநாள் கை விட்டுப் போகாமல் இருக்க ஒரு மாதிரித் தேர்வு, அவ்வளவுதான். மூன்று வருடக் கேள்வித்தாள்களையும் தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பொது அறிவில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே காரணம் எழுதுங்கள். படிக்கவே இல்லையா? படித்தது குழம்பிவிட்டதா? தெரிந்தும் அவசரத்தில் வேறு வட்டத்தைக் கறுத்துவிட்டீர்களா? மூன்றுக்கும் மருந்து வேறு. படிக்காததற்குப் பள்ளிப் பாடப்புத்தகம் இருக்கிறது. குழம்பியதற்கு மறுவாசிப்பு உதவாது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுவது தவிர வேறு வழியில்லை. தவறியவற்றில் பாதி அரசியலமைப்பிலோ வரலாற்றிலோ கூட்டமாக உட்கார்ந்திருந்தால், உங்கள் ஊரிலோ நூலகத்திலோ அந்தப் பகுதியில் வலுவான ஒருவரைப் பிடியுங்கள். அவருக்குக் கணக்கு வராது என்றால் இன்னும் நல்லது, நீங்கள் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வினைவலி, தன்வலி, மாற்றான் வலி என்று எடைபோடச் சொன்ன வள்ளுவர் துணைவலியையும் தராசில் வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக நீங்கள் தனியாகப் படிக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது.

எதுவரை என்பதை முடிவெடுப்பது எப்போது என்று கேட்டால், இப்போதுதான், தேர்வு முடிவு வரும் நாளில் அல்ல. 'எண்ணித் துணிக கருமம், துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு' என்ற குறளைத் துணிச்சலுக்கு மேற்கோள் காட்டுவார்கள். முடிவெடுக்கும் வேளையைப் பற்றியும் அது பேசுகிறது. ஆணையத்தின் ஆண்டுத் திட்டத்தில் அடுத்த குரூப் 4 எப்போது என்று பாருங்கள். அதை இந்தப் புதிய முறையில் எழுதுங்கள். பொது அறிவில் 43 என்பது 55ஐத் தாண்டினால், இடம் கிடைக்காவிட்டாலும் இன்னொரு முறை எழுதுவதில் பொருள் இருக்கிறது, கவளம் கிட்டே வந்திருக்கிறது. வழியை மாற்றியும் அதே இடத்தில் நின்றால் பையைக் கட்டுங்கள். இந்தக் கணக்கை இன்றே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். முடிவு வந்த அன்று அழுகையில் ஒரு தீர்மானம், உறவினர் ஒரு வார்த்தை சொன்ன அன்று இன்னொரு தீர்மானம் என்று எடுக்க வேண்டியிருக்காது.

வரன் விஷயம். வீட்டில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள், நீங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். தேர்வில் தோற்றால் அதற்குத் தண்டனைபோலக் கல்யாணம் என்றால், உங்களுக்கும் நல்லதில்லை, வரப்போகிற அந்த மனிதருக்கும் நியாயமில்லை. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா, இப்போது கல்யாணம் வேண்டுமா என்பதைத் தேர்வு எண்ணைப் பார்க்காமல் தனியாக யோசியுங்கள். அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள்: 'தேர்வு பற்றி இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன், கல்யாணம் பற்றி வேறொரு நாள் பேசலாம்.' மாதா மாதம் கையில் பணம் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும். வருமானமே இல்லாமல் படிக்கும் பெண்ணிடம் வீடு பேசுவதற்கும், சம்பாதித்துக்கொண்டே படிக்கும் பெண்ணிடம் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அது சரியில்லைதான், ஆனாலும் இருக்கிறது.

ஒருவேளை பையைக் கட்ட வேண்டி வந்தால், அதைப் பற்றியும் ஒன்று. சண்டைக் கடா பின்னால் நகர்வதைப் பற்றி ஒரு குறள் உண்டு. 'ஊக்கமுடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேரும் தகைத்து.' ஊக்கம் உள்ளவன் ஒடுங்கி நிற்பது, மோதுவதற்காகக் கடா நாலு அடி பின்வாங்குவது போன்றது. வங்கித் தேர்வோ, கல்லூரியில் கணிதம் நடத்துவதற்கான தகுதித் தேர்வோ, பி.எட். படித்துப் பள்ளிக்குப் போவதோ, டியூஷனையே பெரிதாக்குவதோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் கோடரி உங்கள் கையில் இருக்கும். இந்த ஐந்து வருடத்தில் படித்த வரலாறும் அரசியலமைப்பும் எங்கும் போய்விடாது.

அப்புறம், ஔவையாருக்கும் அதியமானுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த வாயிலில் கோபித்துக்கொண்டு பையைக் கட்டியதோடு அவர்கள் உறவு முடிந்துவிடவில்லை. கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்குத் தந்தவன் அவன்தான். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அவர்தான். அவன் இறந்தபோது, 'சிறிய கள் கிடைத்தால் எங்களுக்குத் தந்துவிடுவான், அதெல்லாம் போயிற்றே' என்று அழுதவரும் அவரே. கோபம், நெல்லிக்கனி, தூது, இவற்றில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று பாட்டுகள் சொல்லவில்லை. சுவரில் இருக்கும் அட்டையைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் இன்னொரு அட்டையில் 206ஆம் பாட்டையும் உங்கள் கையாலேயே எழுதி ஒட்டுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அந்த 32 கேள்விகளுக்கும் காரணம் எழுதிய தாளையும் அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம். நீங்கள் நன்றாகத் தூங்கிய முதல் நாளையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்